அவனுக்கு எப்படித் தெரியும்?

தம்பிக்கு,

எங்கள் வங்கிக் காவலாளியைச் சுட்டது நீதான். முகமூடி போட்டிருந்தாய், குரலையும் மாற்றியிருந்தாய். ஆனால் உன் கூட்டாளி என்னைப் பிடித்துத் தள்ளியதும், "டேய், விடுடா! அவங்க மாசமா இருக்காங்க" என்று கத்திவிட்டாய்.

அது நம் வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் தற்காலிக ஆளான என்னை மறுநாளே நிறுத்திவிடுவார்கள்.

"ஏம்மா, எங்களுக்கே தெரியாதது அந்தத் திருடனுக்கு எப்படித் தெரியும்?" என்று மேலாளர் போலீஸ் முன்னாலேயே கேட்டார். போலீஸ் நம் வீட்டு முகவரியை எழுதிக்கொண்டு என்னை அனுப்பியது. அங்கே எது காணாமல் போனாலும் முதல் திருடி என்னைப் போன்றவள்தான்.

காவலாளி செத்துவிட்டார். போலீஸ் இங்கேதான் வந்துகொண்டிருக்கிறது. பேசினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்றுதான் எழுதி உன் அறைக் கதவடியில் தள்ளுகிறேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். எத்தனை தடவை தட்டியும் உள்ளே சத்தமே இல்லை.

எனக்கு எதுவும் தெரியாது என்று நீயே அவர்களிடம் சொல். கதவைத் திறடா.

உன் அக்கா