ஒடித்துப் பார்க்காத வெண்டைக்காய்

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுவது. முப்பத்தேழு வயதில், தனக்குக் கீழே இருபது பேரை வைத்து வேலை வாங்குகிறவளை வாலு என்று கூப்பிடக் கூடாது என்கிறாள் உன் அம்மா. வால் உதிர்ந்ததற்கு அத்தாட்சி வரட்டும், நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாக எழுது. ஃபோனில் நீ சொல்லும் "நல்லா இருக்கோம்ப்பா"வை நான் தகவலாக எடுத்துக்கொள்வதில்லை.

அம்மாகிட்ட சொல்லிட்டியாப்பா என்று போன வாரம் அம்மா அடுப்பைப் பார்க்கப் போன நேரத்தில் கிசுகிசுத்தாயே, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும் என்ற சட்டம் அமலில் இருக்கும் வீட்டில் இதையெல்லாம் ஃபோனில் சொல்ல முடியாது. தள்ளுவண்டிக் காய்கறிக்காரர் நம் தெருவை விட்டே போகிறார் என்று போன செவ்வாய்க்கிழமை தெரிந்தது. இடுப்பு ஒத்துழைக்கவில்லையாம், மகள் வீட்டோடு போய்விடுகிறாராம், சனிக்கிழமை கடைசிச் சுற்று. அவர் போவதற்குள் நம் தோட்டத்தைப் பற்றிய உண்மையை அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவர் போன பிறகு சொன்னால் அதற்குப் பெயர் ஒப்புதல் வாக்குமூலம் இல்லை, இரங்கல் செய்தி.

அந்தச் சண்டை நடந்தபோது உனக்குப் பதினொரு வயது. வெண்டைக்காய் ஒவ்வொன்றின் நுனியையும் ஒடித்துப் பார்த்துப் பாதியைத் திரும்ப வண்டியில் போட்டுக்கொண்டிருந்தாள் உன் அம்மா. மனிதர் எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பார்? "இத்தனையை ஒடிச்சுப் போடறதுக்கு நீங்களே வளத்துச் சாப்பிடலாமேம்மா" என்று கேட்டுவிட்டார். உலகத்தில் தினமும் ஆயிரம் வண்டிக்காரர்கள் ஆயிரம் பேரிடம் சொல்கிற பேச்சுதான். அதை ஒரு செயல்திட்டமாக எடுத்துக்கொண்டவள் உன் அம்மா ஒருத்திதான். மறுநாளே கொல்லைப்புறத்துத் துணி துவைக்கும் கல்லை நகர்த்தச் சொன்னாள். அதிலும் ஒரு கொள்கை வைத்தாள். வருஷா வருஷம் விதை வாங்கினால் காய்க்காரரை விட்டுவிட்டு விதைக்கடைக்காரர் காலில் விழுந்ததாகத்தான் அர்த்தம், ஒருமுறை நட்டால் ஆண்டாண்டுக்கும் காய்க்கிறதுதான் இந்த வீட்டுக்குள் வரலாம் என்றாள். வெண்டை ஒரு பருவத்தோடு போய்விடும் செடி. ஆக, எதற்காகச் சண்டையோ அது மட்டும் இருபத்தாறு வருடமாக நம் வீட்டில் சமைக்கப்படவில்லை. கணக்கில் நீ நாற்பத்தொன்று வாங்கிவிட்டு, வீட்ல வெண்டைக்காயே இல்லாம மூளை எப்படிம்மா வளரும் என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? இப்போது கணக்குத் தணிக்கையில்தான் வேலை பார்க்கிறாய். விஞ்ஞானத்துக்கு இதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது.

அம்மா கைராசிக்காரி என்று தெருவே சொல்லும். உனக்கும் எனக்கும்தான் விஷயம் தெரியும். சண்டை நடந்த மறுவாரம் நூலகத்து வேலைக்குப் போகும் வழியில் வண்டிக்காரர் என்னை மடக்கினார். "ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டேன் சார், அம்மா நெசமாவே மண்ணைக் கொத்தறாங்களாமே" என்று கேட்டுவிட்டு, வண்டிக்கு அடியிலிருந்து ஒரு முருங்கைக் கொம்பை எடுத்து நீட்டினார். "நட்டா அதுவா வரும் சார். நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிராதீங்க, புடுங்கி என் மேலயே எறிஞ்சிருவாங்க." வாடிக்கையாளர் தன்னிடம் வாங்காமலிருப்பதற்குத் தானே கொம்பு கொடுத்த ஒரு வியாபாரியை நான் எந்தப் பொருளாதாரப் புத்தகத்திலும் படித்ததில்லை. பிறகு கோவைக்கொடித் துண்டு வந்தது, கறிவேப்பிலைக் கன்று வந்தது, வாழைக்கன்று வந்தது. ஒவ்வொன்றையும் நூலகத்து வாசகர் ஒருவர் கொடுத்தார் என்று கொண்டுவந்து வைத்தேன். "உங்க லைப்ரரிக்குப் படிக்க வர்றாங்களா, பயிர் பண்ண வர்றாங்களா?" என்று அவள் ஒருதரம் கேட்டபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. நிஜமாகவே வாசகர் ஒருவர் கொடுத்தது எலுமிச்சை மட்டும்தான். கொய்யா, நீ சுவரோரம் துப்பிய விதை.

அந்தக் கோவைப் பந்தல் இருந்த இடத்தில் இப்போது வெறும் கம்பிதான் நிற்கிறது. கொடி வேலிப் பக்கம் குடிபோய்விட்டது. அதற்குக் கீழே ஸ்டூலைப் போட்டு நீ வீட்டுப்பாடம் எழுதுவாய், நோட்டில் இலை நிழல் ஆடும், எழுத்து சரியாக வராததற்கு அதைக் காரணம் சொல்வாய். சாயந்திரம் வண்டி நம் வாசலுக்கு வரும்போது மட்டும் அவர் "வெண்டேய்" என்பதை ஒரு கட்டை ஏற்றிக் கூவுவார், அம்மா உள்ளே பாத்திரத்தை ஒரு கட்டை ஏற்றி வைப்பாள். அந்தக் கச்சேரியைக் கேட்டுத்தான் மணி ஐந்து என்று தெரிந்துகொள்வேன். போன வாரம் பூராவும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை சொல்லப் போனேன், முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள், நன்றி கெட்டவனாக வேண்டாமென்று விட்டுவிட்டேன். வியாழக்கிழமை அவளுக்குத் தலைவலி. வெள்ளிக்கிழமை எனக்குத் தைரியம் இல்லை. சனிக்கிழமை காலை எழுந்து பார்த்தால் அவள் கொல்லையில் அரிவாளோடு நிற்கிறாள். முருங்கையில் ஒரு கொம்பு, கோவையில் நாலு துண்டு, வேரோரம் முளைத்த கறிவேப்பிலைக் கன்று ஒன்று, வாழைக்கன்று ஒன்று. எல்லாவற்றையும் ஈரச் சாக்கில் சுற்றிக் கட்டினாள். எலுமிச்சையைத் தொடவில்லை, கொய்யாவைத் திரும்பியும் பார்க்கவில்லை. யாருக்கு என்று கேட்டேன். "உங்க லைப்ரரி வாசகர் ஒருத்தர் ஊரை விட்டுப் போறாராம், அவருக்கு" என்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முப்பத்தொரு வருடம் நூலகத்தில் வேலை பார்த்தவன் நான், வீட்டிலிருந்த புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

வண்டி வந்தது. அவர் வழக்கம்போலக் கட்டையை ஏற்றப் போனவர், கேட் திறந்திருப்பதைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டார். அம்மா சாக்கை வண்டியில் வைத்து, "போற எடத்துல நீங்களும் வளத்துச் சாப்பிடுங்க" என்றாள். அவர் சாக்கைப் பிரித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கொய்யா மரத்தைப் பார்த்தேன். அப்புறம் அவள் அரைக் கிலோ வெண்டைக்காய் கேட்டாள். "ஒடிச்சுப் பாத்தே எடுங்கம்மா, இன்னைக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். "பரவால்ல, நீங்களே போடுங்க" என்று தட்டை நீட்டினாள்.

ராத்திரிக்குச் சமைத்தாள். பாதி முற்றல். நாரை மென்றுகொண்டே அவளைப் பார்த்தேன், அவளும் மென்றுகொண்டிருந்தாள், இருவரும் மிச்சம் வைக்கவில்லை.

நீ பால்கனியில் தொட்டி வைக்கப் போவதாகச் சொன்னாய். அடியில் ஓட்டை இருக்கிறதா பார், தினம் தண்ணீர் ஊற்றிக் கொன்றுவிடாதே, உங்கள் ஊர்க் குளிரில் செடியைக் கண்ணாடிக்கு உள்பக்கம் வை, உன்னையும் உள்பக்கம் வைத்துக்கொள். ஃபோனில் அம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டுவிடாதே. அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தால் அப்படியே இருக்கட்டும். பேத்திக்கு எங்கள் முத்தம், மாப்பிள்ளைக்கு விசாரிப்பு. மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க எங்கள் ஆசிகள். ஃபோனில் நடுநடுவே கேட்ட அந்த இருமலுக்கு டாக்டரைப் பார்க்க மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: ரொம்பவும் முற்றின காய் ஒன்றைச் சமைக்காமல் எடுத்து, விதைக்கு என்று சமையலறை ஜன்னலில் காயவைத்திருக்கிறாள். கொள்கை என்னாயிற்று என்று நான் கேட்கவில்லை. இந்தப் பதத்தில் பறித்த காயின் விதை முளைக்காது என்று தோட்டக்கலைப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை எடுத்துப் பரண் மேல் வைத்துவிட்டேன்.