இரண்டு தடவை சாத்தும் கதவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், உன் தம்பி, என் முட்டிவலி மூவரும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நல்லபடியாக இருக்க வேண்டும். போனில் தம்பியின் பாட்டுப் பேச்சை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய், அதனால்தான் தாளும் பேனாவும்.

அந்தப் பாட்டை எப்படிப் போட்டார்கள் என்று உனக்குத் தெரியாது. தம்பியும் அவன் சிநேகிதர்களும் பின்னறைச் சுவரில் மெத்தையைக் கட்டித் தொங்கவிட்டு ஒரு மாதம் என் காதைக் கிழித்தார்கள், ராக் பாட்டாம். டிரம் அடிக்கிற ஒல்லிப் பையனுக்கு எந்தச் சத்தமும் பிடிக்கவில்லை, கடைசியில் நான் ஓட்டுகிற சவ வண்டியின் பின்கதவுதான் வேண்டும் என்றான். அந்தக் கதவு முதல் தடவை பிடிக்காது, இரண்டாம் தடவை ஓங்கிச் சாத்தினால்தான் பூட்டும், உனக்குத் தெரியுமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் என்னை நாற்பது தடவை சாத்த வைத்துப் பதிவு செய்தார்கள், தோள்பட்டை கழன்றுவிட்டது. "ஏறினவர் யாரும் வழி கேட்டதில்ல, இறங்குற இடம் சொன்னதில்ல" என்ற வரிக்குப் பின்னால் வருகிற டம் டம் அதுதான்.

பாட்டு எப்படியோ பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாப்பில் என் வண்டியைப் பார்த்தாலே பிள்ளைகள் பாடுகிறார்கள். போன மாதம் ஒரு பெரியவரை ஏற்றிவிட்டு வழக்கம்போல இரண்டு தடவை சாத்தினேன், அழுதுகொண்டிருந்த பேரன் பக்கென்று சிரித்துவிட்டான், பாவம், அடக்கப் பார்க்கிறான், முடியவில்லை. அவன் மாமா அவனுக்கு ஓர் அறை விட்டு, என் மேல் புகார் கொடுத்துவிட்டார். துக்க வீடு, அவரைக் குறை சொல்ல முடியாது. மேலதிகாரி என்னைக் காய்ச்சி எடுத்தார், நான் வெளியே வரும்போது அவரே மேசையில் அந்தத் தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். இப்போது எனக்கு வண்டி இல்லை, ஷெட்டில் சாவி எடுத்துக் கொடுக்கிற வேலை. அலுத்துப்போய்விட்டதம்மா. ஆனால் அதைச் சொல்ல எழுதவில்லை.

"பக்கத்து சீட்டுல இருந்தவரைக்கும் மெதுவா போங்கன்னு சொன்னவ, பின்னால படுத்த அன்னைக்கு ஒண்ணுமே சொல்லல." இந்த வரிக்குத்தானே, செத்த அம்மாவை வைத்துச் சிரிப்புக் காட்டுகிறாயா என்று தம்பியைத் திட்டினாய், நாலு மாதமாக அவனோடு பேசவுமில்லை. அதை எழுதியது அவனில்லை, நான். சாப்பிடும்போது வாய்தவறி வந்தது, எல்லோரும் சிரித்தோம், பிறகு யாரும் சாப்பிடவில்லை. வேண்டாம்ப்பா, அக்கா தாங்க மாட்டா என்றுதான் அவன் சொன்னான். நான்தான் பிடிவாதமாகச் சேர்க்கச் சொன்னேன். நீ போனில் திட்டியபோது நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கப் போனேன், அவன் வேண்டாம் என்று கையைக் காட்டினான், நானும் கோழை மாதிரி இருந்துவிட்டேன். உங்கம்மா போன அன்று அவளை வேறு யாரும் ஓட்டிப்போக நான் விடவில்லை. இப்போது சொல்லுவாள், இப்போது சொல்லுவாள் என்று வழியெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். அதை அழுது சொல்ல எனக்கு வராது.

உன் குழந்தையின் பிறந்தநாளன்று தம்பி உன் நம்பரைத் தட்டிவிட்டு அழிப்பதை நான் பார்த்தேன். நீயே கூப்பிடு அவனை. திட்டுவதானால் என்னைத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று பேரும் நூறு வயது நன்றாக இருங்கள். மழைக்காலம், கார் எடுத்தால் மெதுவாகப் போ. அதைச் சொல்ல இப்போது நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

உன் அப்பா