கடைசி வீடு, தெற்குத் தெரு

சேந்தங்கரை,
மன்னார்குடி தாலுகா,
20-8-1972.

என் அன்பும் மரியாதையும் உள்ள உங்களுக்கு, வேம்பு எழுதுகிறேன்.

விமான டிக்கெட் வாங்கியிருந்தால் முதலில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து மீதிக் கடிதத்தைப் படியுங்கள். விசாரணை முடிந்துவிட்டது. மனை நமக்கே என்று தாசில்தார் உத்தரவு போட்டுவிட்டார். மாமாவும் அத்தையும் சௌக்கியம், நானும் அப்படியே. நீங்கள் சௌக்கியமா என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் வரும் என்பதால் கேட்கவில்லை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று விவரமாக எழுதுங்கள்.

"கணக்கு எங்கும் ஓடிப்போகாது, அப்பாவுக்குச் சாட்சி சொல்ல நானே வருகிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் பெருமையாகவும் இருந்தது, கோபமும் வந்தது. இத்தனை வருடம் மல்லுக்கட்டிய கணக்கு இப்போதுதான் பிடி கொடுக்கிறது என்று சித்திரையில் எழுதியவரும் நீங்கள்தானே? கனடாவரை போய், கரை தெரியும்போது படகைத் திருப்புகிற ஆளை என்ன சொல்வது? பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

நடந்ததைச் சொல்கிறேன். குடியிருப்பவர்களுக்கே மனை சொந்தம் என்று புதுச் சட்டம் வந்ததும் தெருவே மனு போட்டது. மற்ற வீடுகளுக்குப் பண்ணை பெரிதாக மறுப்புச் சொல்லவில்லை. நம் வீட்டின் மீது மட்டும்தான் கண். கூலிச் சண்டையில் மாமா கொடி பிடித்து முன்னால் நின்றதை அவர்கள் மறப்பார்களா? பண்ணையின் காரியஸ்தர் குஞ்சிதபாதம் தாசில்தார் முன்னால் கூசாமல் சொன்னார்: "அது பண்ணையோட வைக்கோல் கொல்லைங்க. அங்க மனுசங்க குடியிருந்ததே இல்ல. கூலித் தகராறுக்கு அப்புறந்தான் இந்த வீரையன் பொண்டாட்டியோட வந்து அத்துமீறி உக்காந்துக்கிட்டான்." தெருக்காரர்கள் சாட்சி சொன்னால் எல்லாரும் ஒரே கட்சி என்றார். வாக்காளர் பட்டியலைக் காட்டினால், அதில் தெருவின் பெயர்தான் இருக்கிறது, எந்த வீடு என்று யார் கண்டது என்றார். பழைய தேதி போட்ட அத்தாட்சி ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள் என்று தாசில்தார் ஒரு வாரம் தவணை கொடுத்தார்.

அத்தாட்சிக்கு எங்கே போவது? வரி போடுவதற்குக்கூட ஒருவரும் எட்டிப் பார்க்காத தெரு. வீட்டுக்கு வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அத்தை கடிதங்களைக் குத்தி வைக்கும் கம்பி கண்ணில் பட்டது. உங்கள் கட்டுரைக்குப் பிரதி கேட்டு வெளிநாட்டுப் பேராசிரியர்கள் போடும் கார்டுகள் அத்தனையும் அதில் குத்தியிருந்தன. அத்தைக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் மகனுக்கு வந்த கார்டு ஒன்றைக்கூட அடுப்பில் போட்டதில்லை. எலி கடித்தது போக ஒரு கத்தை மிச்சம் இருந்தது. ஒவ்வொன்றிலும் "கடைசி வீடு, தெற்குத் தெரு, சேந்தங்கரை" என்று யார் யாரோ ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்.

வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தபோது எழுதிய முதல் கட்டுரைக்குக் கீழே இந்த விலாசத்தைப் போட்டீர்கள். சரி. கும்பகோணத்தில் கல்லூரி வேலை கிடைத்த பிறகும் மாற்றவில்லையே! முதல்வர் முகத்தைச் சுளித்தார். இது என்ன வீம்பு என்று நானும் சண்டை பிடித்தேன். "விடுமுறைக்கு விடுமுறை இந்த வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன், வேறு இடத்தை எப்படிப் போடுவது?" என்றீர்கள். அந்த வீம்பு நன்றாயிருக்கட்டும்.

முத்துப்பேட்டை மீரா உசேன் சாரிடம் ஓடினேன். உங்களோடு ஒரே துறையில் பாடம் நடத்தும் மனிதர் அல்லவா, பாதி சொல்லும்போதே புரிந்துகொண்டார். கட்டுரைகள் வெளியான இதழ்களை நூலகத்திலிருந்து தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, லீவு போட்டுவிட்டு விசாரணைக்கு வந்துவிட்டார்.

கார்டுகளை மேசை மேல் வைத்தோம். தபால் தலைகளைப் பார்த்ததும் குஞ்சிதபாதம் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா ஐயா! ரஷ்யா, போலந்து, ஹங்கேரி, எல்லாம் செவப்புக் கொடி நாடு. உள்ள என்னமோ சங்கேதத்துல எழுதியிருக்கு. மவன் அங்கேருந்து உத்தரவு வாங்கித் தர்றான், அப்பன் இங்க வயல்ல ஆளுங்களை நிறுத்துறான்!" தாசில்தார் முகம் மாறிவிட்டது. வாசலில் நின்ற போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். மனை போகட்டும், மாமாவை உள்ளே தூக்கிப் போட்டுவிடுவார்களோ என்று பயந்துவிட்டேன்.

மீரா உசேன் சார் பதறவே இல்லை. "சங்கேதந்தாங்க ஐயா. உலகத்துல இதைப் படிக்கத் தெரிஞ்சவங்க நூறு பேரு இருந்தா அதிகம். அதுல ஒருத்தர் இந்தத் தெருவுல பொறந்தவர்" என்றார். பிறகு ஒவ்வொரு கார்டாகத் தமிழில் சொன்னார். எல்லாரும் கேட்டிருப்பது ஒன்றுதான், இன்ன கட்டுரைக்கு ஒரு பிரதி அனுப்பி உதவ வேண்டும். ஜப்பான்காரர் மட்டும் இரண்டு வரி கூடுதலாக எழுதியிருக்கிறார். தான் நாற்பது பக்கத்தில் நிறுவியதை நீங்கள் மூன்று பக்கத்தில் முடித்துவிட்டீர்களாம். ஆண்டுதோறும் அதைத் தன் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாராம்.

மாமா அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். "அந்த ஊருல எம் மவன் கணக்க வச்சிப் பாடம் நடக்குதாங்க?" என்று கேட்டார். தாசில்தார் அவரை நிமிர்ந்து பார்த்து, "உக்காருங்க பெரியவரே" என்று நாற்காலியைக் காட்டினார். காரியஸ்தர் நின்றுகொண்டிருக்க, மாமா உட்கார்ந்தார். அதைப் பார்க்க நீங்கள் இல்லையே என்று அந்த ஒரு நிமிடம் மட்டும் வருத்தப்பட்டேன்.

தாசில்தார் இதழைப் புரட்டி, கட்டுரைக்குக் கீழே இருந்த விலாசத்தைப் பார்த்தார், கார்டுகளின் தபால் முத்திரைத் தேதியை ஒப்பிட்டார். கூலித் தகராறுக்கு எத்தனையோ வருடம் முந்தைய முத்திரைகள். கடைசியில் சிரித்துவிட்டார். "இதுல எனக்குப் புரிஞ்சது கடேசி வரி ஒண்ணுதான். அது போதும்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் மீரா உசேன் சார் உங்களைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். மற்றவர்கள் வருடத்துக்கு நாலு எழுதிக் குவிக்கும்போது, துரைராசு இதுவரை எட்டே கட்டுரைதான் எழுதியிருக்கிறார், எட்டில் ஒன்றைக்கூட யாரும் தொட்டு ஆட்ட முடியாது என்றார். நீங்கள் தமிழில் எழுதிய கணக்குப் பாடநூலைப் பற்றியும் சொன்னார். ஆராய்ச்சியை விட்டுவிட்டு இது எதற்கு என்று அன்று கேலி செய்த கூட்டத்தில் தானும் ஒருவர்தானாம். இப்போது கடைசி பெஞ்சுப் பையன்கள் எழுந்து நின்று கேள்வி கேட்கிறார்களாம். எனக்கு உங்கள் கணக்கு புரியாது. ஆனால் ஒரு வரியில் சந்தேகம் வந்தால் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பவரோடு குடித்தனம் செய்தவள் நான். அந்த எட்டின் அருமை எனக்குத் தெரியும். உங்களுக்கு வாழ்க்கைப்பட்டதை நினைத்தால் கர்வமாகத்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன், சிரிக்காதீர்கள்.

ஊர்ச் செய்தி: ஆற்றில் தண்ணீர் தாராளம், குறுவை கதிர் வாங்கிவிட்டது. கூலி பேச்சுவார்த்தை மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. பண்ணையில் மாமாவுக்கு வேலை இல்லை. கரையோரக் குத்தகைக்காரர்கள் கூப்பிடுகிறார்கள். கவலைப்பட ஒன்றுமில்லை.

பேராசிரியர் அங்கேயே நிரந்தர வேலை தருவதாகச் சொன்னதைக் கடிதத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுதியிருந்தீர்கள். என் எண்ணம் என்ன என்று கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நானும் பதில் எழுதப்போவதில்லை. உங்கள் உழைப்புக்கு எந்தப் பெரிய இடமும் தகும். கணக்கை நல்லபடியாக முடியுங்கள், அவசரம் வேண்டாம்.

மாமாதான் யார் சொல்லியும் கேட்கவில்லை. இதுநாள்வரை சுவரை உயர்த்தவோ ஒரு ஜன்னல் வைக்கவோ பண்ணை விட்டதில்லை அல்லவா? உத்தரவு கைக்கு வந்த மறுநாளே வாய்க்கால் பக்கம் கயிறு கட்டி, உங்களுக்கென்று ஓர் அறைக்கு அஸ்திவாரம் தோண்டத் தொடங்கிவிட்டார். இந்த வயதில் இது எதற்கு என்றால், "அவன் உக்காந்து எழுத எடம் வேணாமா?" என்கிறார். கிழக்கே ஜன்னலாம். தச்சரிடம் மேசைக்கும் சொல்லிவிட்டார். நீளம் அகலம் என்ன என்று உங்களைக் கேட்டு எழுதச் சொன்னார். நான் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன், இன்று தச்சரே நம் வீட்டுக்கு வந்துவிட்டார். அளவை எழுதுங்கள். எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் எழுதுங்கள், சுவர் எழுப்புவதற்கு முன்பே உள்ளே போட்டுவிடலாம். மேசை வேண்டாம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
வேம்பு.