மச்சானுக்குத் தெரிந்த கையெழுத்து

அன்பு மச்சானுக்கு,

குற்றாலத்தில் சாரல் இறங்கிவிட்டது. போன வாரம் பேரருவியில் கூட்டத்துக்குக் காவல் நின்றேன். ஈரக்காற்று முகத்தில் அடித்ததும், "ஏலே, தொப்பி நனையுது, தள்ளி நில்லு" என்று நீ சொல்வதுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தால் யாரோ ஒருவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். உன்னைத் தேடுவது இன்னும் விட்டபாடில்லை.

நம் ஸ்டேஷனில் நீ உட்கார்ந்த நாற்காலியில் இப்போது நான்தான் சப்-இன்ஸ்பெக்டர். டெலிபோன்கூட வந்துவிட்டது. முந்தாநாள் மேலதிகாரி ஒருவர் வந்து, இந்தக் காலத்துப் போலீசை நடத்துகிறவன் எப்படி இருக்க வேண்டும் என்று எங்களை நிற்க வைத்து ஒரு மணி நேரம் பேசினார். விறைப்பு வேண்டுமாம், வேகம் வேண்டுமாம். எனக்குக் கால் கடுத்தது. நான் சுடலையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவனை நீ மறந்திருக்க மாட்டாய். பிறந்த சாதிக்காகவே ரேகைப் புத்தகத்தில் பேர் ஏற்றப்பட்டவன். ஒரு குற்றமும் செய்யாமல் தினம் அந்தியில் ஸ்டேஷனுக்கு வந்து பெருவிரல் உருட்டிவிட்டு, விடியும்வரை அங்கேயே படுக்க வேண்டியவன். இலஞ்சியில் மனைவி பிரசவ வலியில் துடிக்கிறாள் என்று வந்து நின்றான். காலையில் வந்து ரேகை வை என்று அனுப்பினாய். நான் அப்போது ஏட்டு, புத்தகம் என் பொறுப்பு. சட்டம் இடம் கொடுக்காது என்றேன்.

"கேட்டா என் பேரைச் சொல்லு மச்சான்" என்றாய்.

சொன்னபடி காலையில் வந்தான். பையன் பிறந்திருக்கிறான் என்று கருப்பட்டி நீட்டினான். நீ ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாய்.

மறுவாரம் மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போயிற்று. விசாரிக்க வந்த அதிகாரி அதை உன் கையில் கொடுத்து, யார் எழுத்து என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். நாலு வருஷமாக ரேகைப் புத்தகத்தில் நீ தினம் பார்த்த எழுத்து அது. கையை மாற்றி எழுதக்கூடத் தெரியாத முட்டாள் நான்.

நீ வெகுநேரம் பார்த்தாய்.

"தெரியல ஐயா. அவனை அனுப்புனது நான்தான். ஏட்டுக்கு இதுல சம்பந்தமில்ல."

உன்னை எங்கோ ஒரு மலைக்காட்டு ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். அங்கே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. என் தங்கச்சி வெறுங்கழுத்தோடு வந்து இறங்கினாள். நாம் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ மேலே போனாய், நான் ஏட்டாகவே நின்றேன். வயிற்றெரிச்சல் மச்சான், வேறொன்றுமில்லை. பஸ் ஏறும்போது என் தோளைத் தட்டினாயே, அப்போதாவது ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?

நேற்று மதியம், சுடலையைப்போல ரேகை வைக்கிற ஒருவன் வந்து, ராயகிரியில் அம்மா சாகக் கிடக்கிறாள் என்று அழுதான். போய்வரச் சொன்னேன். அந்தியில் ஏட்டு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஆளு வரலன்னு எழுதிரட்டுமா ஐயா?"

"நான் அனுப்புனேன்னு எழுதும்."

அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். அவன் இன்னும் திரும்பவில்லை.

திரும்பாவிட்டாலும் அந்த வரியை அடிக்க மாட்டேன். இந்தக் கடிதத்தை முதலில் தங்கச்சிக்குத்தான் படித்துக் காட்டப் போகிறேன். அதற்கப்புறம் அவள் என் முகத்தில் முழிக்காவிட்டாலும் சரி. இந்தத் தடவை கீழே பேர் போட்டிருக்கிறேன், மச்சான்.

உன் மனைவியின் அண்ணன்,
குற்றாலிங்கம்