மூடிக்கடியில் ஒட்டிய டேக்

இன்று காலை அடுப்பில் பால் திரிந்துவிட்டது. பாத்திரத்தை இறக்குவதற்குள் அந்தப் புளிப்பு வாசனை அறை முழுக்கப் பரவியது. ஒற்றை ஆள் வீட்டில் பால் திரிந்தால் ஏன் என்று கேட்க யாரும் இல்லை. கொட்டிவிட்டு வரட்டீ போட்டுக் குடித்தேன். வாசனை போகவில்லை. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

கல்வராயன் மலையிலிருந்து வேனில் இறங்கும் பால் கேன்கள் கள்ளக்குறிச்சி டிப்போவில் உன் முன்னால்தான் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு மூடியையும் ஒரு விரல் அளவு தூக்குவாய், குனிவாய். தலையை ஆட்டினால் அந்தப் பால் பெரிய தொட்டிக்குப் போகும். ஆட்டாவிட்டால் கேனைக் காலால் ஓரம் தள்ளுவாய். கொழுப்பை அளக்க மிஷின் இருந்தது. புளிப்பைக் கண்டுபிடிக்க உன் மூக்குதான். நீ தள்ளிய கேனை மேனேஜர்கூட மறுபடி வரிசையில் வைக்கச் சொன்னதில்லை.

கொரோனா வந்து போன பிறகு ஒரு நாள் என் ரேடியோ கடைக்கு வந்தாய். நான் ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் புகைக்குள் முகத்தை நீட்டி மூச்சை இழுத்தாய்.

"ஒண்ணும் தெரியலய்யா. ஒரு மாசமா மூடியத் தூக்கி சும்மா நடிச்சிக்கினு இருக்கேன்."

வேன் எவ்வளவு தாமதம், அன்றைக்கு வெயில் எப்படி என்று பார்த்து, குத்துமதிப்பாகக் கேன்களைத் தள்ளுவதாகச் சொன்னாய். வீட்டில்கூடச் சொல்லவில்லை என்றாய். மூக்கு போனது தெரிந்தால் வேலை போய்விடும். உனக்கு வேறு வேலை தெரியாது.

துணிக்கடையில் திருட்டுப் போகாமலிருக்கச் சட்டைக்குள் ஒட்டியிருக்கும் டேக்கை அதற்கு முன்பே நான் பிரித்துப் பார்த்திருந்தேன். முடியளவு கம்பிச் சுருளும் கடுகைவிடச் சின்ன சில்லும் மட்டும்தான். பேட்டரி கிடையாது. அதைப் படிக்கும் ரீடர் என்ற கைக்கருவியிலிருந்து அலை போனால், அந்த அலையின் சக்தியிலேயே விழித்துப் பதில் சொல்லும். கம்பியின் மேல் சரியான பூச்சைப் பூசிவிட்டால், பால் புளித்துக் கிளம்பும் ஆவி பட்டதும் அந்தப் பதில் மாறும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் படித்துத் தெரிந்துகொண்டது இது. சந்தேகம் கேட்கப் போனபோது ஒரு கல்லூரி வாத்தியார் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. எட்டாவது வரை படித்தவனுக்கு இது எதற்கு என்றார். எதற்கு என்று காட்டுகிறேன் என்று அன்றே முடிவு செய்தேன்.

உன் மூக்குக்குப் பதிலாக டேக்கை வைக்கலாம் என்று இறங்கினோம்; பூச்சு என்னை நாலு மாதம் ஏய்த்தது. ஈரம் பட்டாலே பதிலை மாற்றியது. நல்ல பாலையும் கெட்டது என்றது. நீ சாயங்காலம் டிப்போவிலிருந்து பாட்டிலில் பால் கொண்டுவருவாய். பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, மூடிக்கடியில் டேக்கை ஒட்டிவிட்டு, இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பால் கெடுவதற்காகக் காத்திருப்போம். பால் கெட வேண்டும் என்று அப்படிக் காத்திருந்தவர்கள் நம்மைத் தவிர யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஒரு நாள் சரியாகப் புளிக்கும் நேரத்துக்கு ரீடரில் சிவப்பு விளக்கு எரிந்தது. நீ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கி டீ வாங்கி வந்தாய்.

அன்றைக்குத்தான் ஒன்று கேட்டாய். "யோவ், டிப்போ கேனு அலுமினியமாச்சே. உள்ள இருக்கிறது வெளிய கேக்குமா?"

"எனுக்கே ரேடியோ சொல்லித் தர்றியா?" என்றேன். மூடியில் ரப்பர் வளையம் இருக்கிறது, அந்த இடுக்கு போதும் என்றேன். தகரப் பெட்டிக்குள் வைத்த ரேடியோ பாடாது என்று கடைக்கு வருகிறவனுக்கெல்லாம் சொன்னவன் நான். நீ கேட்ட பிறகாவது ஒரு கேனில் வைத்துப் பார்த்திருக்கலாம். நீ கேட்டதாலேயே பார்க்கவில்லை.

யாருக்கும் தெரியாமல் டிப்போ கேன்களின் மூடிக்கடியில் நீ டேக்குகளை ஒட்டிய இரண்டாவது நாளே நடந்துவிட்டது. மலைமேல் வேன் பழுதாகி, வெயில் ஏறிய பிறகு வந்து சேர்ந்தது. ரீடரைத் துணிப்பையில் வைத்து ஒவ்வொரு மூடிக்கும் பக்கத்தில் கொண்டுபோனாய். சிவப்பு எரிந்தால் கெட்டது, எரியாவிட்டால் நல்லது என்று நான்தான் அமைத்திருந்தேன். எதிலும் எரியவில்லை. மூக்கு இல்லாத குறைக்கு நீ குத்துமதிப்பாகவாவது தள்ளியிருக்க வேண்டிய கேன்கள் அவை. என்னை நம்பித் தலையை ஆட்டினாய். தொட்டிப் பால் முழுவதும் திரிந்தது. சாக்கடையில் அது வெள்ளையாக ஓடியதை மலையிலிருந்து கேனோடு வந்திருந்த இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள். 

வேடிக்கை பார்க்கிறவன் மாதிரி நானும் அங்கேதான் இருந்தேன். மேனேஜர் வந்ததும் துணிப்பையைக் காலாலேயே என் பக்கம் தள்ளிவிட்டாய்.

"மூக்கு போயிடுச்சிங்க. மறைச்சது நான்தான். வேற யாரும் இல்லீங்க."

பையை எடுத்துக்கொண்டு நான் வீட்டுக்கு நடந்தேன்.

அன்று மாலையே பழைய பாத்திரக் கடையில் ஒரு அலுமினியக் கேன் வாங்கி வந்து, புளித்த பாலை ஊற்றி, டேக்கை ஒட்டி மூடினேன். நான்கு பக்கமும் ரீடரை வைத்தேன். விளக்கு எரியவில்லை. டேக்குக்கு அலையே போய்ச் சேரவில்லை. பதிலே வராததை நல்ல பால் என்று எடுத்துக்கொள்ளும்படி செய்தவன் நான்.

நாலு நாள் கழித்து நீ வந்தாய். கோபம் இல்லை. "எங்கய்யா தப்பாச்சு?" என்று மட்டும் கேட்டாய். கேன் மேசைக்கடியில்தான் இருந்தது. நான் உன் முகத்தைப் பார்த்து, "நீ பதட்டத்துல ரீடர சரியாப் புடிக்கல. உன் கை நடுங்கியிருக்கும்" என்றேன். நீ உன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாய். பிறகு எழுந்து போனாய்.

உளுந்தூர்பேட்டையில் லாரிகள் நிற்கும் ஓட்டல் ஒன்றில் நீ டோக்கன் கொடுக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னலோரத்தை விட்டு உள்பக்கம் உட்கார்ந்தேன். நீ இறந்துபோன செய்திகூட மறுநாள்தான் எனக்கு வந்தது.

பதினாறாம் நாள் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவியிடமாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நான் வாயெடுக்கும் முன்பே அவர் ஆரம்பித்துவிட்டார். "உங்கள ஒரு வார்த்த சொல்ல மாட்டாருண்ணா. 'அவன் மூளைக்கு நான் ஈடு குடுக்கல, என் கைதான் கெடுத்துச்சு'ன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கினு இருந்தாரு." அந்த நிம்மதியை எதற்குக் கலைக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வந்தேன். அது யாருடைய நிம்மதி என்று இன்றுவரை நான் நேராகக் கேட்டுக்கொண்டதில்லை.

இப்போது டேக் வேலை செய்கிறது. ரப்பர் இடுக்கு வழியாக ஒரு கம்பியை வெளியே இழுத்துவிட்டேன். பச்சை எரிந்தால்தான் நல்ல பால். எதுவும் எரியாவிட்டால் கேனை ஓரம் தள்ள வேண்டும். டிப்போவில் யாரும் வாங்கிப் பார்க்கத் தயாராக இல்லை. அந்த வருத்தம் தனி. அந்த வாத்தியாரிடம் இன்றும் நான் தணிந்து போக மாட்டேன், மேனேஜரிடமும் மாட்டேன். உன் ஒருவனிடம்தான் தணிய வேண்டியிருந்தது. எதிரில் உட்கார்ந்து கேட்டாய், நான் பொய் சொன்னேன். நீ அதை நம்பிக்கொண்டே போய்விட்டாய்.

உன் கை நடுங்கவில்லை. நீ சரியாகத்தான் பிடித்தாய்.