நீல மீன் கிண்ணம்

கண்ணே,

உன் புதுப் பாட்டின் வீடியோவை மல்சுன் அக்காவின் பார்லரில் பார்த்தேன். முடி சுருட்டும் மருந்தோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் உன்னைப் பார்த்துப் பூரித்துப்போனார்கள். வீடியோவில் நம் பூசான் கடற்கரையில் மழை மேல்நோக்கிப் பெய்கிறது. நீ பள்ளிச் சீருடையில் நடந்து போகிறாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"மழை மேல போச்சுன்னா, அவ அழுகைய அடக்குறான்னு அர்த்தமாம்டி. ரசிகருங்க எழுதியிருக்காங்க," என்றாள் அக்கா. "கடைசியில தண்ணிக்குள்ள ஒரு மேசை வருது பாரு. சோத்துல கரண்டி குத்தி நிக்குது. செத்தவங்களுக்குத்தானே அப்படிப் படைப்போம்? காதலன் செத்துட்டான் போல."

"இருக்கும்க்கா," என்றேன்.

அந்தச் சோற்றுக் கிண்ணத்தில் நீல மீன் வரைந்திருந்தது. வாலருகே விளிம்பு உடைந்திருந்தது. சின்ன வயதில் நீ கீழே போட்ட என் கிண்ணம் போலவே ஒன்றைத் தேடிப் பிடித்து, அதே இடத்தில் உடைத்திருக்கிறாய். எவ்வளவு ஞாபகம் உனக்கு!

சியோலில் குளிர் அதிகமாமே. தொண்டையைப் பார்த்துக்கொள். உன் பிறந்தநாளுக்கு இந்த வருஷமும் கடற்பாசி சூப் வைத்தேன். நீ என்னோடு பேச்சை நிறுத்திய பிறகும் வைக்காமல் இருந்ததில்லை. உனக்கு ஊற்றியதையும் நானே குடித்துவிடுகிறேன்.

வேறென்ன எழுத? அசல் கிண்ணம் இங்கேதான் இருக்கிறது. இன்று காலையும் அதில்தான் சோறு சாப்பிட்டேன்.

உன் அம்மா