முடிவு தெரிந்த பின் ஓர் ஆட்டம்

பிப்ரவரி 11

காலையில் கொரட்டூர் ஏரிக்கரையில் நடை. ஜானகிராமனும் வந்திருந்தான். அவன் இந்திய டென்னிஸ் தேர்வுக்குழுவில் இருக்கிறான், நான் பேப்பரில் டென்னிஸ் எழுதுகிறேன். ஆனாலும் இத்தனை வருட நட்பில் ஒருவரிடம் ஒருவர் காரியம் கேட்டதில்லை. இன்று கேட்டான்.

நான் அடிக்கடி எழுதும் வெள்ளானூர் ஆட்டக்காரி கிருஷ்ணப்பிரியாவைச் சிங்கப்பூர் கிளப் ஒன்று அழைத்திருப்பது அவன் காதுக்கு எட்டிவிட்டது. படிப்பு, பயிற்சி, பின்னால் குடியுரிமை, அந்நாட்டு அணியில் இடம். "பில்லி ஜீன் கிங் கோப்பைக்கு நாமளே அவளை எடுக்கிறோம். சிங்கிள்ஸ் ஆட வைக்கிறோம். நீ சொன்னா அவ அப்பா கேப்பாருடா" என்றான்.

நாடுகள் அணி அணியாக மோதும் பெண்கள் போட்டி. எனக்கு இன்னும் ஃபெட் கோப்பை என்றுதான் வாயில் வருகிறது. பத்தொன்பது வயதில் அதில் ஒற்றையர் ஆட்டம்! சொல்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 13

வெள்ளானூர் போய் வந்தேன். பங்காளிகள் எல்லோரும் நிலத்தை பிளாட் போட்டு விற்றுவிட்டார்கள். கிருஷ்ணப்பிரியாவின் அப்பா மோகன் மட்டும் தன் பங்கைக் கொடுக்காமல் மண் கோர்ட் போட்டு வைத்திருக்கிறார். ஆவடி தொழிற்சாலையில் வேலை. விடிந்ததும் மகளுக்காகத் தண்ணீர் தெளித்து உருளை இழுத்துவிட்டுத்தான் ஷிஃப்டுக்குப் போவார்.

"சிங்கப்பூர்காரங்க பதில் கேட்டுக்கினே கீறாங்க சார். நீங்க இன்னா சொல்றீங்க?" என்றார். ஜானகிராமன் வாக்குக் கொடுத்திருக்கிறான் என்றேன். கிருஷ்ணப்பிரியா கோர்ட்டைத் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டே கேட்டாள்: "சிங்கிள்ஸ்தானே அங்கிள்?" சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டாள். இரண்டு முறையும் ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 10

கோப்பையின் ஆசியச் சுற்றுக்குப் பேப்பர் என்னை அனுப்பவில்லை. ஃபோனில் பார்த்து எழுதுகிறேன்.

ஒரு மோதலுக்கு இரண்டு ஒற்றையர், ஓர் இரட்டையர். அணியில் எடுத்தும் முதல் நாட்களில் கிருஷ்ணப்பிரியா பெஞ்சில்தான் இருந்தாள். இன்று இரண்டு ஒற்றையரையும் நம்மவர்கள் வென்று மோதலை முடித்துவிட்டார்கள். மிச்சமிருந்த இரட்டையரில் ஒரு மூத்த வீராங்கனையுடன் அவளை இறக்கினார்கள். 6-2, 6-1.

மோகன் தொழிற்சாலையில் லட்டு கொடுத்தாராம். நானும் பெரிதாக எழுதி அனுப்பினேன். ரேணுகா எட்டிப் பார்த்துவிட்டு, "அதான் ஜெயிச்சாச்சே, அப்புறம் எதுக்கு ஆடுறாங்க?" என்றாள். வழக்கம் என்றேன்.

ஏப்ரல் 13

போட்டி முடிந்தது. அவளை மறுபடி இறக்கவில்லை.

ஜூன் 24

இந்திய அணியின் பயிற்சி முகாமுக்கான பட்டியல் வந்தது. கிருஷ்ணப்பிரியா இல்லை. ஏரிக்கரையில் ஜானகிராமனிடம் கேட்டேன். மழுப்புவான் என்று நினைத்தேன். அவன் சிரித்தான்.

"ஒரு நாட்டுக்கு ஒரே ஒரு டபுள்ஸ் ஆடிட்டாலும் இன்னொரு நாட்டுக்கு ஆட முடியாது. உனக்குத் தெரியாத ரூலா? நாளைக்கு அவ எதிர்ப்பக்கம் நின்னு நம்மள ஜெயிச்சா யாரு பதில் சொல்றது? இனிமே அந்தக் கவலை இல்ல."

"சிங்கிள்ஸ்னு எங்கிட்ட சொன்னியே."

"நீ நம்பினாத்தானேடா அவங்க நம்புவாங்க."

அப்புறம் என் தோளைத் தட்டி, டீ சாப்பிடலாமா என்றான்.

விதி எனக்குத் தெரியும். அதை விளக்கி நானே எழுதியிருக்கிறேன். ஆனா இவன் கையில அது பூட்டுன்னு தோணலையே எனக்கு — ஏன் தோணல? ஜானகிராமன் ஆச்சே. எங்க அம்மா செத்தப்போ தோள் கொடுத்தவன் ஆச்சே. என்னைப் பாத்துச் சிரிச்சுக்கினே சொல்றான்.

ஜூன் 25

மோகனிடம் நானே போய்ச் சொன்னேன். சிங்கப்பூர் கிளப் சலுகையைத் திரும்பப் பெற்றுவிட்டதாம். அவர்கள் அணிக்கு ஆட முடியாத பெண்ணுக்கு எதற்குச் செலவு என்று. ஏன் ஆட முடியாது என்று அப்பாவுக்கும் மகளுக்கும் புரியாமல் இருந்திருக்கிறது. இப்போது புரிந்துவிட்டது.

"பொண்ணு ரூம விட்டே வரமாட்டேங்குது" என்றார் மோகன். நான் ஜானகிராமன் பெயரை எடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவுரு யாருன்னே எனக்குத் தெரியாது சார். உங்களத்தான் தெரியும்."

ஜூலை 2

பேப்பரில் என் செய்தி வந்தது. முன்கூட்டியே ஜானகிராமனை அழைத்து, எழுதப் போகிறேன், உன் பதில் என்ன என்று கேட்டேன். "நமக்குள்ள பேசினதைப் போடுவியா?" என்றான். வாக்கை எடுத்துப் போனது நான்தான் என்பதையும் செய்தியில் சேர்த்திருந்தேன். டெஸ்கில் அந்தப் பாராவை எடுத்துவிட்டார்கள்.

ஜூலை 4

ஜானகிராமனின் மறுப்பு. அப்படி எதுவும் சொல்லவில்லையாம். கடைசி வரி: 'நெருங்கிய நண்பரே இப்படி முதுகில் குத்தியது வேதனை அளிக்கிறது.'

ரேணுகா படித்துவிட்டுப் பேப்பரை மடித்தாள். "வாக்கிங் போற நேரத்தை மாத்திக்குங்க" என்றாள்.

நவம்பர் 19

ஆவடி போன வழியில் வெள்ளானூர். கோர்ட்டின் நடுவில் பிளாட் பிரித்த அளவுக்கல் நட்டிருக்கிறது. மோகன் வாசலில்தான் நின்றார். வாங்க என்று சொல்லவில்லை.

ஜனவரி 6

புது டைரி. கிருஷ்ணப்பிரியா சிங்கப்பூர் போய்விட்டாளாம், சொந்தச் செலவில். அவர்கள் அணிப் பெண்களுக்குப் பயிற்சியில் பந்து அடித்துக் கொடுக்கும் வேலை. இன்னொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

ஏப்ரல் 9

இந்தியா – சிங்கப்பூர். ஒற்றையரில் ஆளுக்கொன்று. இரட்டையர்தான் முடிவு.

நம் பக்கம் போன வருடம் கிருஷ்ணப்பிரியாவோடு சேர்ந்து ஆடிய அதே மூத்த வீராங்கனை. எதிர்ப்பக்கப் பெஞ்சின் பின்வரிசையில், கொடி இல்லாத வெள்ளைச் சட்டையில் கிருஷ்ணப்பிரியா. ஒவ்வொரு இடைவேளையிலும் அவர்கள் கேப்டன் பின்னால் சாய்ந்தாள். கிருஷ்ணப்பிரியா தன் இடது உள்ளங்கையில் விரலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினாள். அடுத்த கேமில் நம்மவளின் சர்வ் எங்கே விழும் என்று தெரிந்ததுபோல் அந்தப் பெண்கள் நகர்ந்து நின்றார்கள். 6-4, 6-3. ஜெயித்ததும் பின்வரிசைக்குத்தான் முதலில் ஓடினார்கள்.

ஜானகிராமன் அழைத்தான். ஜூலைக்குப் பிறகு முதல் தடவை. ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுதி முடித்தேன்.

டெஸ்கிலிருந்து ஒரே சந்தேகம்: மூன்றாவது பாராவில் வரும் கிருஷ்ணப்பிரியா பெயருக்குப் பக்கத்தில் எந்த நாடு என்று போடுவது?

வெள்ளானூர் என்று போடச் சொன்னேன்.